இன்னிக்குக் காலையிலிருந்துதான்

மந்தைவெளி கங்காதரனைப் பற்றி முதலில் நல்லதாக ஒன்று சொல்லிவிடுவோம். மனிதர் லஞ்சம் வாங்கியதில்லை. நந்தனத்தில், அண்ணா சாலையைப் பார்த்தாற்போல் இருந்த ஒரு காப்பீட்டுக் கம்பெனியில், மருத்துவ கிளெய்ம் பிரிவிலேயே உட்கார்ந்து தலை நரைத்தவர். வந்தவர் யாரிடமும் ஒரு டீகூட வாங்கிக் குடித்ததில்லை. வந்தவர் யாருக்கும் லேசில் பணம் கொடுத்ததும் இல்லை. முதலாவதை அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொள்வார். இரண்டாவதை அவர் மனைவி புனிதவதி சொல்லுவாள்.

கிளெய்மை மறுப்பதற்கு மற்ற ஆபீசர்கள் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். கங்காதரனுக்கு ஒரே ஒரு கேள்வி போதும். வந்தவரை உட்காரவைத்து, ஃபேனை வேகமாக வைத்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, சொந்தத் தாய்மாமன் விசாரிக்கிற தோரணையில் "எப்பத்திலிருந்துங்க இது?" என்று கேட்பார். வலியோடு இருக்கிறவனுக்கு இப்படிக் கேட்க ஒரு ஆள் கிடைத்தால் போதாதா? "அது கிடக்கு சார், ரெண்டு மூணு வருஷமாவே லேசா இருந்துக்கிட்டுதான் இருந்துச்சு" என்று மனம்விட்டுக் கொட்டிவிடுவான். தீர்ந்தது. பாலிசி எடுப்பதற்கு முன்பே இருந்த வியாதி. ஆபீஸ் பாஷையில் இதற்கு பி.இ.டி. என்று பெயர். அந்த மூன்று எழுத்தைக் காகிதத்தின் தலையில் போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டு, "உடம்பைப் பாத்துக்குங்க" என்று வாசல்வரை வந்து வழியனுப்புவார்.

ஒருமுறை சைதாப்பேட்டைக்காரர் ஒருத்தர் பைக்கிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு கட்டையை ஊன்றியபடி வந்து நின்றார். விபத்தில் போய் முன்பே இருந்த வியாதியை எங்கே தேடுவது என்று நீங்களும் நானும் நினைப்போம். கங்காதரன் தேடினார். இதே காலில் முன்னே பின்னே அடி கிடி பட்டிருக்கிறதா என்று கரிசனமாகக் கேட்டார். அந்தப் பாவி மனிதர், பள்ளிக்கூடத்தில் கபடி ஆடி இதே காலில் எலும்பு விரிசல் விட்ட கதையைப் பெருமையாக எடுத்துவிட்டார். கதை முடிவதற்குள் பி.இ.டி. விழுந்துவிட்டது. "இன்னா சார் நீ? கால் உட்ஞ்சி வந்து நிக்கறேன், இஸ்கூல்ல வுழுந்தத எட்த்து பேசிக்கினு கீறே!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாடியிலிருந்து ஆட்கள் இறங்கி வந்தார்கள். கங்காதரன் அசையவில்லை. அன்று மத்தியானம் டிபன் டப்பாவில் ஒரு பருக்கையும் மிச்சம் வைக்காமல்தான் சாப்பிட்டார்.

ஓய்வு பெறும் நாளில் மேனேஜர் மைக்கைப் பிடித்து, இவர் கம்பெனிக்குக் கோடிக்கணக்கில் பணம் காப்பாற்றிக் கொடுத்தவர் என்று பேசினார். யாரிடமிருந்து காப்பாற்றினார் என்று சொல்லவில்லை. சால்வை போர்த்தி, ஒரு வெள்ளி விளக்கும் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபிறகு கங்காதரனின் திறமை வீணாய்ப் போயிருக்க வேண்டியது. காலம் அவரைக் கைவிடவில்லை. மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு என்று எந்தத் தெருவில் போய்க் கேட்டாலும் இப்போது யார் வீட்டுப் பிள்ளையாவது வெளிநாட்டுக்குப் படிக்கக் கிளம்பிக்கொண்டிருக்கிறது. காலையில் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்க வருகிற அப்பாக்களின் வாயில் கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா தவிர வேறு ஊர்ப் பேர் கிடையாது. அட்மிஷனைப் பற்றிப் பேச அங்கே நிபுணர்கள் உண்டு, விசாவைப் பற்றிப் பேசவும் உண்டு. மாணவர்களுக்கான மருத்துவக் காப்பீடு என்று வந்துவிட்டால் மட்டும் எல்லோரும் பேச்சை நிறுத்திக்கொண்டு கங்காதரன் உட்கார்ந்திருக்கும் பெஞ்சுக்கு வருவார்கள். அவரும் இலவசமாகவே சொல்லுவார். முன்பு மாட்டிவிட்ட மனிதர் இப்போது தப்பிக்கிற வழியைச் சொல்லுகிறார் என்பதில் எல்லோருக்கும் பெரிய நம்பிக்கை.

அவர் சொல்லும் வழி இதுதான்: வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைக்கு வியாதி எதுவும் இருந்ததே கிடையாது. தைராய்டா? யாருக்கு, உங்க பொண்ணுக்கா? இல்லையே! ஒற்றைத் தலைவலியா? அது சென்னை வெயிலுக்கு வந்தது, சென்னையிலேயே விட்டுவிட்டுப் போகட்டும். அங்கே போய் எந்த டாக்டர் கேட்டாலும், எந்த வியாதியாக இருந்தாலும், அது தொடங்கியது இன்றைக்குக் காலையில். நேற்று என்று சொன்னாலே போச்சு. நேற்றிலிருந்து போன மாசத்துக்கு அவன் இழுத்துக்கொண்டு போய்விடுவான், அங்கிருந்து பிறந்த நாளுக்கு.

இதை நம் ஜனங்களுக்குப் புதிதாகக் கற்றுத்தர வேண்டியதே இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் ஒரு பெண்ணுக்கு வியாதி என்றால் மருந்து வாங்குவதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்துகிற ஊர் இது. கங்காதரன் வீட்டிலும் அதேதான். ஒரே மகள் அனுவுக்கு இரண்டு வயதிலிருந்து வீசிங். குளிர்காற்று பட்டால், தூசி பட்டால், மூச்சு இழுக்கும். பத்தாவது படிக்கும்போது பல்வலிக்கு ஒரு மாத்திரை போட்டு, மூச்சு அடைத்துப் போய், ஆஸ்பத்திரியில் போராடி மீட்டுக்கொண்டு வந்தார்கள். இந்த மாதிரி வலி மாத்திரை, ஊசி எதையும் இனி இவள் பக்கம் கொண்டுவரக்கூடாது என்று டாக்டர் கண்டித்து அனுப்பினார். இவ்வளவும் நடந்தது சொந்தக்காரர் யாருக்கும் தெரியாது. நாளைக்கு வரன் பார்க்க வேண்டாமா? கேட்டவர்களுக்கு "சளி" என்று சொல்லி வைத்திருந்தார்கள். மூச்சுக்கு மருந்தை ஆவியாக்கித் தருகிற நெபுலைசர் கட்டிலுக்கடியில் இருந்ததை ஒரு சித்தி பார்த்துவிட்டபோது, முகத்துக்கு ஆவி பிடித்து அழகு பண்ணிக்கொள்கிற மெஷின் என்று கங்காதரன் சொல்லிச் சமாளித்தார். சித்தி அதே போல் ஒன்று வாங்க வேண்டும் என்று கடை கடையாகத் தேடியது தனிக் கதை.

அந்த அனுவுக்குத்தான் ஜெர்மனியில் நீர்வள மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. காகித வேலைகளுக்காக அப்பாவும் மகளும் தி.நகரில் ஓர் ஏஜென்சிக்குப் போனார்கள். அங்கே கமர் ஜஹான் என்று ஓர் இளம்பெண் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினாள். காப்பீட்டுப் பேச்சு வந்ததும் கங்காதரன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அங்க ஸ்டூடண்ட்ஸுக்கு அரசாங்க திட்டத்துலயே சேத்துக்குவாங்க அங்கிள். பழைய வியாதி புது வியாதின்னு பிரிக்கறதே இல்லை. எல்லாத்துக்கும் பாப்பாங்க."

"அது சரிம்மா. வியாதி இருக்கா இல்லையான்னு எந்த இடத்துல கேப்பாங்க?"

"கேக்க மாட்டாங்க அங்கிள்."

"கேக்கவே மாட்டாங்களா?"

"பேரு, பிறந்த தேதி, காலேஜ். அவ்வளவுதான்."

கங்காதரன் அந்த விண்ணப்பத்தை வாங்கி முன்பக்கம் பார்த்தார், பின்பக்கம் பார்த்தார், வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தார். வியாதிக்கு ஒரு கட்டம்கூட இல்லை. பாண்டி பஜார் நடைபாதையில் இறங்கியபோது அவர் முகம் வெளிறிப்போயிருந்தது. "அந்தப் பொண்ணு தெளிவாத்தானேப்பா சொன்னா?" என்றாள் அனு. அவர் வீட்டுக்கு வந்து புனிதவதியிடம்தான் கொட்டித் தீர்த்தார்.

"கேக்கறவன்கிட்டேருந்து தப்பிச்சுடலாம் புனிதா. கேக்காம சேத்துக்கறான் பாரு, அவன்தான் ஆபத்தானவன். பில்லு வந்தப்புறம் கேப்பான். என் சர்வீஸ்ல இப்பிடி ஒரு கம்பெனிய நான் பாத்ததே இல்லை."

"உங்கள மாதிரி ஒரு ஆபீசர அவங்களும் பாத்திருக்க மாட்டாங்க" என்றாள் புனிதவதி, கீரை ஆய்ந்துகொண்டே.

அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் ஒத்திகை தொடங்கியது. கங்காதரன்தான் ஜெர்மன் டாக்டர். மூக்குக் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு, சாம்பார்க் கரண்டியை ஸ்டெதஸ்கோப்பாகப் பிடித்துக்கொண்டு, ஒருநாள் கடுமையாகக் கேட்பார், இன்னொரு நாள் தன் பழைய பாணியில் கொஞ்சிக் கேட்பார்.

"சின்ஸ் வென்?"

"சின்ஸ் திஸ் மார்னிங், டாக்டர்."

"பிஃபோர் தட்?"

"நெவர், டாக்டர்."

"வாட் அபௌட் சைல்ட்ஹுட்?"

"வெரி ஹெல்தி சைல்ட்ஹுட், டாக்டர்."

ஆரம்பத்தில் அனுவுக்கு இது சிரிப்பாக இருந்தது. ஒருநாள் மேல்வீட்டில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒத்திகையின் நடுவிலேயே நிஜமாக மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. தோள் ஏறி இறங்க, மேஜையைப் பிடித்துக்கொண்டு அவள் நிற்கிறாள். கங்காதரன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "இதுதாம்மா நேரம், சொல்லு. சின்ஸ் வென்?" என்றார். அவள் ஒவ்வொரு சொல்லாகப் பிடித்துப் பிடித்து, "சின்ஸ்... திஸ்... மார்னிங்" என்றாள். "சபாஷ்! இதுதான் எனக்கு வேணும்" என்று கை தட்டினார். புனிதவதி நெபுலைசரைக் கொண்டுவந்து மகள் முகத்தில் வைத்துவிட்டு, புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையை அவர் கவனிக்கவில்லை.

பெட்டி கட்டும்போதும் அதே சாமர்த்தியம்தான். டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு எதுவும் பெட்டியில் ஏறக்கூடாது. சில மாசத்துக்கு வேண்டிய இன்ஹேலர்களை வாங்கி, ஒவ்வொன்றின் மேலும் இருந்த லேபிளை வெந்நீரில் நனைத்து உரித்து, காலுறைக்குள் சுருட்டி வைத்தார். லேபிள் என்பது சாட்சியாம். சாந்தோமிலிருந்து ஜொவிட்டா என்ற பெண்ணும் அதே பல்கலைக்கழகத்துக்குப் போகிறாள், இரண்டு பேரும் ஒரே அறையில் தங்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் மகளைத் தனியே கூப்பிட்டு எச்சரித்தார். "அந்தப் பொண்ணுகிட்டயும் வீசிங்னு மூச்சு விடாதே. அவ யார்கிட்டயாவது சொல்லுவா. அது சுத்திச் சுத்தி ஃபைலுக்கு வந்துடும்."

அனு போய்ச் சேர்ந்தாள். முதல் இரண்டு மாசம் ஒரு குறையும் இல்லை. பூங்காவில் கங்காதரனின் பெஞ்சுக்கு மவுசு கூடியது.

நவம்பரில் அங்கே குளிர் இறங்கியது, இங்கே மழை பிடித்துக்கொண்டது. கொண்டுபோன இன்ஹேலர் தீர்ந்துவிட்டது என்று அனு போனில் சொன்னாள். கல்லூரிக்குப் பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறார், காப்பீட்டுக் கார்டைக் காட்டினால் போதும், போய் எழுதி வாங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்.

"போகவே போகாதே" என்றார் கங்காதரன். "இன்ஹேலர் வேணும்னு நீயே போய்க் கேட்டா, வியாதி இருக்குன்னு நீயே எழுதிக் கொடுத்த மாதிரி. அப்பா அனுப்பறேன்."

வேளச்சேரியில் ஒரு பையன் அடுத்த வாரம் அந்த ஊருக்குத்தான் விமானம் ஏறுகிறான் என்று விசாரித்து வைத்திருந்தார். வேளச்சேரியில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. வேட்டியை மடித்துக் கட்டி, லேபிள் உரித்த இன்ஹேலர்களைப் பிளாஸ்டிக் பையில் சுற்றித் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சாக்கடை எது சாலை எது என்று தெரியாத வெள்ளத்தில் இறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். மகள்மேல் அவருக்குப் பாசம் இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. பக்கத்து டாக்டரிடம் கிடைக்கிற ஒரு பொருளுக்காக ஒரு மனிதன் இத்தனை தண்ணீரில் நடக்கிறான் என்றால் பாசம் இல்லாமலா?

பையன் விமானம் ஏறுவதற்கு முன்பே அனுவுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. உடம்பெல்லாம் வலி என்று முனகினாள். ஜொவிட்டா நல்ல பெண். சென்னையிலிருந்து தான் கொண்டுபோயிருந்த மாத்திரைகளில் ஒரு வலி மாத்திரையை எடுத்து, வெந்நீரோடு கொடுத்தாள். அனு காய்ச்சல் மயக்கத்தில் என்ன மாத்திரை என்றுகூடக் கேட்காமல் விழுங்கிவிட்டுப் படுத்தாள். கொடுத்தவளுக்கும் ஒன்றும் தெரியாது. தெரியக்கூடாது என்றுதானே ஏற்பாடு.

இங்கே மத்தியானம் மூன்று மணி இருக்கும். மழை கொஞ்சம் விட்டிருந்தது. கறிகாய் வாங்க மார்க்கெட்டுக்குப் போகலாம் என்று புனிதவதி கையில் பையோடு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். கங்காதரனின் போன் அடித்தது. ஜொவிட்டா.

"அங்கிள், பயப்படாதீங்க. அனுவுக்கு மூச்சு விட முடியலை. ஆம்புலன்ஸ்ல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டு வந்துட்டோம். எமர்ஜென்சியில இருக்கோம்." அந்தப் பெண்ணின் குரல் உடைந்துகொண்டே வந்தது. "எப்பத்திலிருந்துன்னு அவகிட்ட கேட்டாங்க அங்கிள். இன்னிக்குக் காலையிலிருந்துதான்னு சொன்னா. இதுக்கு முன்னாடி வந்ததே இல்லைன்னு சொன்னா. அப்புறம் பேச்சே வரலை. இப்ப மாஸ்க் வச்சிருக்காங்க."

சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்ததைச் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த நிலைமையிலும் பிள்ளை பிசகாமல் சொல்லியிருக்கிறாள் என்று கங்காதரனுக்கு ஒரு நொடி பெருமையாக இருந்தது.

"அங்கிள், டாக்டர் உங்ககிட்ட நேரா கேக்கணும்கிறாங்க. நெஞ்சுல ரத்தம் கட்டியிருக்கா, வேற ஏதாவதான்னு குழம்பறாங்க. காய்ச்சலுக்கும் வலிக்கும் ஊசி போடப் போறாங்க, அதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்கணுமாம்."

ஒரு பெண் டாக்டரின் குரல் வந்தது. நிதானமான, எளிய ஆங்கிலம். உங்கள் மகளுக்கு இதற்கு முன்னால் மூச்சுத் தொந்தரவு இருந்ததுண்டா? ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதுண்டா? எப்போதிலிருந்து?

வாழ்நாள் பூராவும் அவர் மற்றவர்களைக் கேட்ட கேள்வி. தண்ணீர் கொடுத்து, ஃபேனைப் போட்டுக் கேட்ட அதே கேள்வி, அதே கரிசனமான குரலில். கங்காதரன் புனிதவதியைப் பார்த்தார். உண்டு என்று ஒரு வார்த்தை சொன்னால் அது எழுத்தில் ஏறிவிடும். எழுத்தில் ஏறினது இறங்காது. அவர் ஏற்றினது எதுவும் இறங்கியதில்லை, அது அவருக்குத்தானே தெரியும்.

"நோ டாக்டர்" என்றார். "நெவர். ஒன்லி சின்ஸ் திஸ் மார்னிங்."

அவர் பக்கம் நின்று பேசுவதற்கு ஏதாவது கிடைக்குமா என்று தேடித்தான் பார்க்கிறோம். கிடைக்கவில்லை.

புனிதவதி பையைக் கீழே போட்டாள். ஒற்றைச் செருப்போடு உள்ளே வந்து அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள். அவளுக்கு ஆங்கிலத்தில் கோர்வையாகப் பேச வராது, எதிர்வீட்டுக்காரர்களிடம் பேசவே கூச்சப்படுவாள். அன்றைக்கு மாடிவரை கேட்கும்படி கத்தினாள். "டாக்டர்! ஐ மதர்! டூ இயர்ஸ் பேபி, ஃப்ரம் தட் டைம் வீசிங்! ஆஸ்துமா! பெயின் டேப்லெட் நோ! பெயின் இஞ்செக்ஷன் நோ! நோ, நோ, நோ! ஹஸ்பெண்ட் டெல்லிங் லை!"

அந்தப் பக்கம் டாக்டர் யாரிடமோ வேகமாக ஏதோ சொன்னாள். காலடிச் சத்தங்கள் கேட்டன. பிறகு "தேங்க் யூ, மதர்" என்றாள். அதோடு போன் நின்றுவிட்டது. மறுபடி ஜொவிட்டா கூப்பிட்டு, மூச்சு சீராகிவருகிறது என்று சொல்லும்வரை புனிதவதி அந்த ஒற்றைச் செருப்பைக் கழற்றவே இல்லை.

அனு தேறி, சில நாளில் அறைக்குத் திரும்பினாள். கங்காதரன் பில்லுக்காகக் காத்திருந்தார். எந்த விதியைக் காட்டி மறுப்பார்கள், அதற்கு எப்படி மேல்முறையீடு எழுதுவது என்று மனசுக்குள் தயார் பண்ணிக்கொண்டே இருந்தார். ஒன்றும் வரவில்லை. பொறுக்கமாட்டாமல் ஜொவிட்டாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"கார்டைக் காட்டினோம் அங்கிள், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில இருந்த நாளுக்கு ஏதோ சில்லறை கட்டணும்னாங்க."

"பழைய வியாதின்னு எழுதிக்கிட்டாங்களேம்மா?"

"எழுதிக்கிட்டாங்க. எழுதிக்கிட்டு புது இன்ஹேலர் கொடுத்தாங்க."

இந்தப் பதில் அவரைப் படுத்திய பாடு கொஞ்சம் இல்லை. பழைய வியாதி என்று எழுதுவது மருந்து கொடுப்பதற்காகவும் இருக்கலாம் என்பது அவர் சர்வீஸில் கேள்விப்படாத செய்தி. சாப்பிடும்போது பாதியில் கையை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சைதாப்பேட்டைக்காரரின் கட்டை ஒருநாள் கனவில் வந்தது. எழுந்து தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மழை முடிந்து பூங்காவுக்குப் போன முதல் நாளே நந்தகுமார் பிடித்துக்கொண்டார். அடையாறில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவர். அவர் மகன் பாரத் அயர்லாந்துக்குப் போகிறான். பையனுக்குச் சின்ன வயதிலிருந்து எப்போதாவது வலிப்பு வரும். "எப்படி சார் மறைக்கறது? நீங்கதான் வழி சொல்லணும்" என்று பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மறைக்காதீங்க" என்றார் கங்காதரன். "எங்க கேட்டாலும் சொல்லிடுங்க. டாக்டர் சீட்டெல்லாம் குடுத்தனுப்புங்க. ரூம்ல கூட இருக்கற பையன்கிட்டயும் சொல்லச் சொல்லுங்க."

நந்தகுமார் அவரை மேலும் கீழும் பார்த்தார். "என்ன சார் இது? போன மாசம் வரைக்கும் மூச்சு விடக்கூடாதுன்னீங்க. எல்லாருக்கும் ஒண்ணு சொன்னீங்க, எனக்கு மட்டும் ஏன் சார் வேற சொல்றீங்க?"

நம்பவைப்பதற்குக் கங்காதரனிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. என் பொண்ணுக்கே வீசிங், மறைத்ததால் போகப் பார்த்தாள் என்று ஒரு வரி சொன்னால் போதும். வாயைத் திறந்தார். நந்தகுமாருக்கு மயிலாப்பூரில் பாதிப் பேர் உறவு என்பது ஞாபகம் வந்தது. அடுத்த வருஷம் அனுவுக்கு வரன் பார்க்க வேண்டும் என்பதும் ஞாபகம் வந்தது. "சும்மா, தோணிச்சு" என்று சொல்லி வாயை மூடிக்கொண்டார்.

"தன் பொண்ணைப் பத்திரமா கரை ஏத்திட்டு இப்ப நமக்கு நியாயம் பேசறார்ப்பா" என்று நந்தகுமார் அடுத்த பெஞ்சில் போய்ச் சொன்னது எல்லோருக்கும் கேட்டது. அந்த பெஞ்சில் புதிதாக ஒரு ரிட்டையர்டு ஆள் உட்கார்ந்து ஆலோசனை சொல்ல ஆரம்பித்திருந்தார். கூட்டம் அங்கே போய்விட்டது.

கூட்டம் போனதுகூட அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அனு அவரோடு பேசுவதில்லை என்பதுதான் அரித்துக்கொண்டிருந்தது. தினமும் அம்மாவைக் கூப்பிட்டுக் குளிர், சமையல், பரீட்சை என்று எல்லாம் பேசுகிறாள். அப்பாவிடம் கொடு என்று மட்டும் சொல்லுவதில்லை. தொண்டை வலியாக இருக்கும், படிப்பு அதிகமாக இருக்கும் என்று கங்காதரன் சமாதானம் சொல்லிப் பார்த்துக்கொண்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல், அனுவோடு பேசிக்கொண்டிருந்த புனிதவதியிடம் கையை நீட்டினார். அவள் போனைக் கொடுத்தாள்.

"என்னம்மா, அப்பாகிட்ட பேசவே மாட்டியா? என்ன கோபம்? எப்பத்திலிருந்து?"

கேட்டபிறகுதான் என்ன கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது.

"அன்னிக்கு ஜொவிட்டா ஸ்பீக்கர்ல போட்டிருந்தாப்பா" என்றாள் அனு.

அவர் போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"மாஸ்க் இருந்ததால பேசத்தான் முடியலை. காது கேட்டுச்சு. டாக்டர் கேட்டதும் கேட்டுச்சு, நீங்க சொன்னதும் கேட்டுச்சு. ஊசியைக் கையில வச்சுக்கிட்டு நர்ஸ் பக்கத்துலயே நின்னுக்கிட்டிருந்தாங்க."

"உன் நல்லதுக்குத்தாம்மா..."

"தெரியும்பா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு அம்மா மார்க்கெட்டுக்குக் கிளம்பிப் போயிருந்தா?"

அவள் கத்தவில்லை, அழவும் இல்லை, பதிலுக்காகக் காத்திருந்தாள். கங்காதரன் போனைப் புனிதவதியிடம் நீட்டினார்.